அத்தானின் சிவப்புத் தோட்டம்

எங்கள் அத்தானுக்கு நிறங்களைப் பற்றித் தெரியாதது ஒன்றுமே இல்லை. இது எங்கள் அத்தானின் கருத்து. இந்த ஒரு கருத்தை வைத்துக்கொண்டே அவர் ஒரு வேலையில் சேர்ந்தார், என் அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டார், கடைசியில் ஒரு குடியிருப்புக்கே தலைவராகவும் ஆகிவிட்டார். கருத்தைத் தவிர வேறு எதையும் அவர் முதலீடு செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

வேலை பெயிண்ட் கடையில். கடைத்தெருவின் முனையில், கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை. உள்ளே போனால் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன அட்டைகளில் நிறங்கள். வருகிறவர் ஓர் அட்டையைத் தொட்டுக் காட்டினால், அத்தான் அதன் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டுவார். இயந்திரம் வெள்ளை டப்பாவுக்குள் சொட்டுச் சொட்டாகச் சாயத்தை விடும். இன்னொரு இயந்திரம் டப்பாவைப் பிடித்துக் குலுக்கும். அத்தான் மூடியைத் திறந்து, விரலால் ஒரு பொட்டு எடுத்து மூடியின் மேல் தடவிக் காட்டி, "எப்படி?" என்பார். சமைத்தவரே பரிமாறுவதுபோல ஒரு முகம். அந்த நிறத்தில் அவருடையது அந்த விரல் மட்டும்தான்.

அவருக்குப் பிடித்த நிறம் சிவப்பு. பிடித்த நிறம் என்று சொன்னால் கோபம் வரும். பிடிப்பது பிடிக்காதது என்ற பேச்சே இல்லையாம், சிவப்பு உண்மையாம். கண் என்று ஒன்று இருக்கிற எந்த உயிரும் முதலில் சிவப்பைத்தான் பார்க்கும் என்று வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்வார். அவர்கள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, பாலில் தேநீர் தவறி விழுந்தது போன்ற ஒரு நிறத்தை வாங்கிக்கொண்டு போவார்கள். கேட்பார் இல்லாத கோபத்தை வீட்டில் தீர்த்துக்கொண்டார். அக்காவின் சமையலறை சிவப்பு. குளியலறைக் கதவு சிவப்பு. அந்த வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அக்காவை ஒருநாள் வாசலிலிருந்து பார்த்தேன். ஏதோ அடுப்புக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்சல் அலுவலகம் ஒன்றில் முகவரி பார்த்துப் பிரித்துப் போடும் வேலை, மதியம் வரை. மீதி நேரமெல்லாம் மொட்டைமாடி. அத்தான் கொண்டுவரும் காலி பெயிண்ட் வாளிகளில் ஓட்டை போட்டு மண் நிரப்பிச் செடி வளர்த்தாள். பூசணிக் கொடி கைப்பிடிச் சுவரின் மேல் ஏறிப் படுத்திருக்கும். வெள்ளரி, துணி காயப்போடும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சலாடும். அந்தக் கட்டிடத்தில் அக்கா வீட்டுப் பூசணித் துண்டு போகாத சமையலறை கிடையாது. யாரும் கேட்டதில்லை, அவளாகவே கொண்டுபோய்க் கொடுப்பாள். மாடி மாடியாக ஏறி இறங்கி ஒரு துண்டு பூசணியைக் கொடுத்துவிட்டு வருகிற சந்தோஷம் என்னவென்று எனக்கு விளங்கியதில்லை. நான் எதிர்த் தெருவில் ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறவன். எனக்குக் காய் என்றால் கடையில் வாங்குவது.

கட்டிடத்தின் முன்னால், கேட்டிலிருந்து படிக்கட்டு வரை ஒரு நீளமான மண்பாத்தி. அதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. குடிவந்தவர்கள் ஆளுக்கொரு செடியைக் குத்தி வைத்திருந்தார்கள். காலி செய்துகொண்டு போனவர்கள் செடியை விட்டுவிட்டுப் போனார்கள். நீலத்தில் கதிர்கதிராக ஒன்று, ஊதாவில் ஒன்று, மஞ்சளில் குடைகுடையாக ஒன்று, பெயர் தெரியாத காட்டுப்பூ எதுவோ. காலையில் அந்தப் பக்கம் போனால் தேனீக்களின் ரீங்காரம் பழைய ஃபிரிட்ஜ் ஓடுவது போலக் கேட்கும். அங்கிருந்துதான் அவை மாடிக்கு வந்து அக்காவின் பூசணிப் பூவுக்குள் குதித்து, மகரந்தத்தை மேலெல்லாம் அப்பிக்கொண்டு போகும்.

கேட்டின் பக்கத்தில் கீழ்வீட்டுக்காரர் வைத்த ஒரு வெள்ளைப் பூச்செடி இருந்தது. அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பகலில் அந்தச் செடியைப் பார்த்தால் ஒன்றுமில்லை. சூரியன் இறங்கும் நேரத்தில் பூ ஒவ்வொன்றாக விரிந்து வாசம் கிளம்பும். டிரைவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு கப் டீயுமாக அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். இருட்டத் தொடங்கும்போது பெரிய அந்துப்பூச்சிகள் வரும். பூவில் உட்காராமல் காற்றிலேயே நின்றுகொண்டு, சுருட்டி வைத்திருந்த நீள நாக்கை நீட்டித் தேனை உறிஞ்சும். வேலையில் இருந்த காலமெல்லாம் முன்னால் போகிற லாரியின் முதுகைப் பார்த்தே காலத்தைக் கழித்த மனிதர் அவர். இதைப் பார்ப்பதில் அவருக்கு அலுப்பே வரவில்லை.

இப்படி இருந்த இடத்துக்குத்தான் அத்தான் தலைவரானார். போட்டியெல்லாம் இல்லை. வேறு யாருக்கும் அந்தப் பதவி வேண்டாம், இவருக்கு வேண்டும், அவ்வளவுதான். ஊரில் அழகான தோட்டம் உள்ள குடியிருப்புக்குப் பரிசு கொடுக்கிறார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டார். முதல் கூட்டத்திலேயே அறிவித்துவிட்டார். முன்னால் இருக்கிற பாத்தி ஒரே நிறம், பால்கனித் தொட்டிகளிலும் அதே நிறம். தூரத்திலிருந்து பார்த்தால் கட்டிடம் தீப்பிடித்ததுபோல ஜொலிக்க வேண்டுமாம். என்ன நிறம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை. இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கொட்டாவி விட்டபடி சம்மதித்தார்களே அந்தக் குடித்தனக்காரர்கள், அவர்களையும் நான் லேசில் விடுவதற்கில்லை. லிஃப்ட் நின்றுபோனால் மட்டும் நெருப்புப் பிடித்ததுபோலக் கத்துகிற கூட்டம் அது.

ஆள் வைத்துப் பாத்தியைத் தோண்டிப் போட்டார். நீலம், ஊதா, மஞ்சள் எல்லாம் வேரோடு குப்பை வண்டிக்குப் போயின. டிரைவர் வந்து, இந்த ஒரு செடியை மட்டும் விட்டுவிடலாமே, ஓரமாகத்தானே இருக்கிறது என்று தணிந்த குரலில் கேட்டுப் பார்த்தார்.

அத்தான் அவர் தோளில் கை வைத்துச் சொன்னார்: "வெள்ளைங்கிறது ஒரு நிறமே இல்ல சார். நிறம் கலக்கறதுக்கு முன்னாடி இருக்கிறது அது."

டிரைவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு மாலை நேரத்தில் அவர் வெளியே உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

சிவப்பு பூத்தது. பொய் சொல்லக் கூடாது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. செம்பருத்தி ஒரு வரிசை, குழல்குழலாகத் தொங்கும் சிவப்புப் பூ ஒரு வரிசை, நடுவில் கம்பளம் விரித்ததுபோலத் தாழ்ந்த சிவப்பு. தெருவில் போகிறவர்கள் நின்று போட்டோ எடுத்தார்கள். அத்தான் கடைக்குப் போகும்போது அந்தப் பாத்தியின் ஓரமாக, திருமண மேடையிலிருந்து இறங்கி வருகிறவர்போல நடப்பார்.

தேன்சிட்டுகளும் வந்தன. கட்டைவிரல் அளவு பறவை, வளைந்த அலகு, வெயிலில் உலோகம்போல மின்னும் கழுத்து. குழல்பூவுக்குள் அலகை விட்டுவிட்டு விசுக்கென்று பறக்கும். அத்தான் என்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார். "பாருங்க மாப்பிள்ளை. பறவைக்கே தெரியுது."

இரண்டாம் மாடியில் ஒரு பெண் இருந்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பூச்சுப் போடுகிற வேலை. வாய் கொஞ்சம் கூர். படியிறங்கி வந்தவள் இதைக் கேட்டுவிட்டு நின்றாள்.

"பறவைக்குத் தெரியும்தான். அந்தப் பூ பறவைக்குன்னே அப்படிப் பூக்குது. வாசனை இருக்கா பாருங்க, இருக்காது. பறவைக்கு மூக்கு அவ்வளவு வேலை செய்யாது. தேனீ எங்க போச்சுன்னு பார்த்தீங்களா?"

அத்தான் சிரித்தார். தேனீ கொட்டும், போனது நல்லதுதானே என்றார்.

சிட்டு விஷயம் சீக்கிரமே கெட்டது. ஆண் சிட்டுக்கு இது தன் தோட்டம் என்ற நினைப்பு வந்துவிட்டது. இந்த விஷயத்தில் அதற்கும் அத்தானுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. வாசலில் நின்ற வண்டிகளின் கண்ணாடியில் இன்னொரு ஆண் சிட்டு தெரிய, அதை விரட்டக் காலை முழுக்க டொக் டொக்கென்று கொத்தும். கொத்திக் களைத்தால் கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்து கழிந்துவைக்கும். வண்டிக்காரர்கள் திட்டினார்கள். பிறகு ஆளுக்கொரு பழைய சாக்ஸை எடுத்துக் கண்ணாடிக்கு மாட்டினார்கள். பரிசுக்குப் பார்வையிட வந்தவர்கள் முதலில் பார்த்தது தோட்டத்தை அல்ல, வரிசையாகச் சாக்ஸ் மாட்டிக்கொண்டு நின்ற வண்டிகளை. அவர்களில் ஓர் அம்மாள், இது ஏதாவது வேண்டுதலா என்று மரியாதையாகவே கேட்டாளாம். பரிசு வேறு எங்கோ போனது. நடுவர்களுக்கு நிறக்குருடு என்று அத்தான் கடையில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்குள் மாடியில் பூசணி காய்ப்பது நின்றுபோயிருந்தது. பூ பூக்கும், பிஞ்சு விரல் நுனி அளவு இருக்கும், மஞ்சளித்துச் சுருங்கி விழுந்துவிடும். வெள்ளரி காய்த்தாலும் ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சூம்பி, கொக்கிபோல வளைந்தது. அக்கா மண்ணை மாற்றினாள், எரு போட்டாள். அத்தான் தண்ணீரைக் குறை சொன்னார். அப்புறம் வெயிலை. அப்புறம், நீ போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தால் எது வளரும் என்று அவளையே சொன்னார்.

லென்ஸ் பெண்தான் மாடிக்கு வந்து, கொடியைப் புரட்டிப் பார்த்து, அத்தானும் நானும் கேட்கும்படி விஷயத்தைச் சொன்னாள். மனிதக் கண்ணுக்கு ஓர் எல்லை, தேனீக் கண்ணுக்கு வேறு எல்லை. ஊதாவுக்கு அப்பால் நமக்குத் தெரியாத ஓர் ஒளி இருக்கிறது. அவள் கண்ணாடிகளில் பூச்சுப் போட்டுத் தடுக்கிறாளே, அதே ஒளி. தேனீக்கு அது தெரியும். பல பூக்களில் தேன் இருக்கிற இடத்துக்கு அந்த ஒளியில் கோடு போட்டு வழி காட்டியிருக்கும். நீலம், ஊதா, மஞ்சள் எல்லாம் அதற்கு நன்றாகத் தெரியும். மறு முனையில் சிவப்புக்கு வந்தால் அதன் பார்வை நின்றுவிடும்.

"உங்க தோட்டம் அதுக்கு இருட்டு சார்," என்றாள். "பசி தாங்கலைன்னா தடவிப் பார்த்து உட்காரும். தேடி வராது. கீழ அவ்வளவு பூ இருந்ததாலதான் அது இந்தக் கட்டிடத்துக்கே வந்துச்சு. வந்த வழியில அக்கா பூவையும் பார்த்துச்சு. இங்க இருக்கிற நாலஞ்சு பூசணிப் பூவுக்காக யார் இவ்வளவு தூரம் வருவாங்க?"

அத்தானின் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. அவருடைய குடும்பத்தைப் பற்றி யாரோ அசிங்கமாகப் பேசிவிட்டதுபோல நின்றார்.

"என் சிவப்பு இருட்டா?"

"தேனீக்கு," என்றாள் அவள்.

"தேனீக்கு என்ன தெரியும்?" என்றார் அத்தான். வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நகைச்சுவை என்று நினைத்திருப்பேன்.

அக்கா கீழே வீட்டுக்குப் போனாள். அத்தானின் அலமாரியிலிருந்து மெல்லிய பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டாள். விடிந்ததும் மாடிக்குப் போய், ஆண் பூவிலிருந்து மகரந்தத்தைத் தொட்டு, அடியில் பிஞ்சு உள்ள பெண் பூவுக்குள் தடவத் தொடங்கினாள். பூசணிப் பூ காலையில் கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும், வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். அதனால் வேலைக்குத் தாமதமாகப் போனாள். அங்கே திட்டு வாங்கினாள். ஒருநாள் காலை அவளிடம் கொடுத்துவைத்திருந்த என் வீட்டுச் சாவியை வாங்கப் போனவன் மாடியில் அவளைப் பார்த்தேன். குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கைக்குழந்தைக்கு மை வைப்பதுபோலப் பூவுக்குள் பிரஷ்ஷை விட்டுக்கொண்டிருந்தாள். இதெல்லாம் உனக்கு எதுக்கு, பேசாம விட்டுத்தொலையேன் என்றேன்.

நிமிராமலே சொன்னாள்: "தேனீ செய்யற வேலையை நான் செய்யறேன்டா. செஞ்சா ரெண்டு காயாவது வருது. இவர் செய்யற வேலையால என்ன வருது?"

சில காய்கள் பிடித்தன. அதை அத்தானும் பார்த்தார். பார்த்தவருக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது யோசனை. தேனீக்கு மஞ்சள்தானே வேண்டும், கொடுத்தால் போச்சு. செடி நட்டு, வளர்த்து, பூக்கும்வரை எவன் காத்திருப்பது? மஞ்சளில் கடையில் இல்லாத வகையா? ஒரு விடுமுறை நாளில் இரண்டு டப்பா பளிச்சென்ற மஞ்சளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய், கைப்பிடிச் சுவர் முழுக்க அடித்துவிட்டார். மதியம் சாப்பிட்டுவிட்டு, பறந்து வரப்போகும் தேனீக்களை வரவேற்க மேலே போனார்.

தேனீ ஒன்றுகூட வரவில்லை. வந்தது வேறு. இலைச்சாறு உறிஞ்சும் பொடிப்பூச்சிகளுக்கு மஞ்சள் என்றால் உயிர், இளந்தளிர் என்று நினைத்து விழுந்தடித்துக்கொண்டு வரும். எங்கெங்கிருந்தோ திரண்டு வந்து ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொண்டிருந்தன. சுவர் முழுக்க எள்ளைத் தூவியதுபோல இருந்தது. ஒட்டிக்கொண்டவை செத்தன. ஒட்டாதவை பக்கத்திலேயே நிஜமான பச்சை இலைகள் இருப்பதைக் கண்டுகொண்டன. அந்த வாரத்துக்குள் வெள்ளரி இலைகளின் அடிப்பக்கம் எங்கும் வெள்ளைப் பொடிபோல அந்தப் பூச்சிகள். தொட்டால் புகைபோலக் கிளம்பும். இலை சுருண்டது, பிசுபிசுத்தது, கருத்தது. பிறகு பூசணிக்கும் தாவியது. பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு அவள் பிடிக்க வைத்த பிஞ்சுகள் கொடியிலேயே வாடின.

அக்கா கத்தவில்லை, அழவுமில்லை. கொடிகளைத் தானே பிடுங்கிச் சுருட்டிச் சாக்கில் கட்டி, படியில் இழுத்துக்கொண்டு இறங்கினாள். தூக்க வந்த என்னை வேண்டாம் என்று கையைக் காட்டி நிறுத்தினாள். வாளிகளைக் கவிழ்த்து அடுக்கிவைத்தாள். அன்று மாலை அத்தானுக்குத் தட்டு வைத்தாள், பரிமாறினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் கவனிக்கவில்லை. மஞ்சள் சரியான மஞ்சளாக அமையவில்லை, அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் வெள்ளை கலக்க வேண்டும் என்று என்னிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்தது தலைவர் தேர்தல் கூட்டம். தரைத்தளத்தில், உடைந்த நாற்காலிகளும் சைக்கிள்களும் போட்டுவைத்த அறை. அத்தான் இஸ்திரி போட்ட சட்டையுடன், மறுபடியும் நிற்பதாக அறிவித்தார். இந்தத் தடவை லென்ஸ் பெண் எழுந்து டிரைவரின் பெயரைச் சொன்னாள். டிரைவருக்கு அது முன்கூட்டித் தெரியாது போலிருக்கிறது, வேண்டாம் என்று கையை ஆட்டினார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. சாக்ஸ் மாட்டியவர்கள், பூசணித் துண்டு நின்றுபோனவர்கள், மாடியில் காயப்போட்ட மஞ்சள் போர்வையைப் பூச்சியோடு எடுத்துக்கொண்டு வந்தவர்கள், எல்லோருக்கும் திடீரென்று முதுகெலும்பு முளைத்திருந்தது.

டிரைவருக்குக் கை தூக்குங்கள் என்றார்கள். பின்வரிசையில் கைகள் எழுந்தன. முன்வரிசையில், அத்தானுக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்த அக்காவின் கையும் எழுந்தது.

அத்தான் அவளைப் பார்த்தார்.

"கை வலிக்குதா?" என்று கேட்டார்.

"இல்ல," என்றாள் அக்கா. "தூக்கியிருக்கேன்."

அத்தானை எனக்கு எத்தனையோ வருடங்களாகத் தெரியும். பேச்சு இல்லாமல் அவர் நின்றதை அன்றுதான் பார்த்தேன். பார்க்கப் பாவமாக இருந்திருக்கலாம். எனக்கு இல்லை.

டிரைவர் தலைவராகிச் செய்தது ஒன்றே ஒன்று. யாருக்கு எது பிடிக்கிறதோ அதைப் பாத்தியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். மழைக்குப் பிறகு பாத்தி மறுபடியும் கந்தல்கோலமானது. நீலமும் ஊதாவும் மஞ்சளும் காடாக மண்டின. சிவப்பையும் யாரும் பிடுங்கவில்லை. குழல்பூ ஒரு மூலையில் நிற்கிறது, சிட்டு அங்கே குடித்தனம் நடத்துகிறது, கண்ணாடிச் சண்டை குறைந்துவிட்டது. டிரைவர் எங்கிருந்தோ அந்த வெள்ளைப் பூச்செடியின் கிளை ஒன்றை வாங்கி வந்து கேட்டின் ஓரமாக ஊன்றினார். அது பூக்க இன்னும் நாளாகும். அக்கா வாளிகளை நிமிர்த்தி விதை போட்டாள். கொடி பூத்த காலையில், பூவுக்குள்ளிருந்து மஞ்சள் தூள் அப்பிய ஒரு தேனீ தடுமாறி வெளியே வந்ததை என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நான் கிண்டல் எதுவும் செய்யவில்லை.

அத்தான் சில நாள் சுருண்டு கிடந்தார். திருந்திவிட்டார் என்று நினைத்தேன். அவ்வளவு பெரிய மனசு எனக்கு எங்கிருந்து வந்ததோ.

போன மாதம் ஒரு வேலையாக அவர் கடைக்குப் போனேன். ஒரு புதுமணத் தம்பதி நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவில் தவித்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் மேஜையில் கையை ஊன்றி, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தேனீக்குச் சிவப்பே தெரியாதுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். எங்க கட்டிடத்துல சோதனை பண்ணியே பார்த்தேன். முதல்ல எல்லாத்தையும் சிவப்பா வெச்சேன், வேணும்னே. அப்புறம் கலந்து வெச்சேன். என்ன ஆச்சுங்கிறீங்க?"

அந்தப் பெண் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நீல டப்பாதான் போணியானது. ஊதாவுக்கு அப்பால் உள்ள ஒளி, தேன் இருக்கிற இடத்துக்குக் கோடு, லென்ஸ் பெண் சொன்னது அத்தனையும் வார்த்தைக்கு வார்த்தை வந்தது, அவளைத் தவிர. நான் நிற்பதைப் பார்த்தார். கண்கூடச் சிமிட்டவில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பூக்களின் நிறம் பற்றிப் பிள்ளைகளுக்குப் பேச அழைத்திருக்கிறார்கள் என்று என்னிடமே பெருமையாகச் சொன்னார்.

நேராக அக்காவிடம் போனேன். அவள் பூசணியை வெட்டிப் பக்கத்து வீடுகளுக்குப் பங்கு போட்டுக்கொண்டிருந்தாள். சமையலறைச் சுவரில் பாதி வெளிர் நீலமாகியிருந்தது, மீதி இன்னும் சிவப்பு. நடந்ததைச் சொல்லிக் குதித்தேன். இந்த மனுஷனுக்கு வெட்கமே கிடையாதா, பள்ளிக்கூடத்துக்குப் போய் நானே உண்மையைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன்.

அக்கா ஒரு துண்டை என் கையில் வைத்தாள்.

"போகட்டும் விடுடா. அங்க போய் அவ்வளவு நேரம் பேசிட்டு வந்தார்னா, அன்னிக்கு ஒரு நாளாவது வீட்டுல பேச மாட்டார்."